மழைநீருக்கு வரப்பு தெரியாது: மேல்மண் காப்புக்கு ஓர் அறிமுகம்

சரிவான நிலத்தில் ஒரு மழைக்காலத்துக்குள் ஒரு மில்லிமீட்டர் மண் குறைந்துபோனால் யார் கண்ணுக்கும் தெரியாது. கணக்குப் போட்டால்தான் தெரியும்: ஏக்கருக்குச் சுமார் 4 கன மீட்டர், எடையில் 5 டன்னுக்கு மேல். அந்த 5 டன்னும் நிலத்தின் மிக நல்ல பகுதியிலிருந்து போயிருக்கும்.

மேல்மண் என்பது தரையின் மேலே உள்ள 15 முதல் 30 செ.மீ. வரையிலான அடுக்கு. பயிர் வேர்களின் பெரும்பகுதியும், மட்கும், மண்புழுவும், பூஞ்சைகளும், நுண்ணுயிர்களும் இங்கேதான் வாழ்கின்றன. ஓடும் தண்ணீர் கனமான மணலை விட்டுவிட்டு, இலேசான மட்கையும் நுண்ணிய களித்துகளையும்தான் முதலில் தூக்கிக்கொள்ளும். சத்து ஒட்டியிருப்பதும் இவற்றில்தான். அதனால் பள்ளத்தில் சேர்ந்த வண்டலைப் பரிசோதித்தால், அது கிளம்பி வந்த நிலத்தைவிட அதில் சத்து கூடுதலாகவே இருக்கும். போன சத்தை ஓரளவு உரமாகப் போட்டு ஈடுகட்டலாம். போன மண்ணை அப்படி ஈடுகட்ட முடியாது. பாறை சிதைந்து ஒரு சென்டிமீட்டர் மண் உருவாகவே நூற்றுக்கணக்கான ஆண்டுகள் பிடிக்கும்.

மண்காப்பைப் பற்றிப் படிக்கத் தொடங்குபவர்கள் பெரும்பாலும் வரப்பு, தடுப்பு, மரம் என்று ஒவ்வொன்றையும் தனித்தனி வேலையாகத்தான் கேள்விப்படுகிறார்கள். அதற்கும் முன்னால் ஒன்றைப் புரிந்துகொள்ள வேண்டும். மழை மேட்டில் விழுந்து, பல பேருடைய நிலத்தைக் கடந்து, பள்ளத்தில் சேர்கிறது. பத்திரத்தில் உள்ள எல்லைக்கோடு தண்ணீரை நிறுத்தாது. ஆகவே மண்ணைக் காக்க நினைப்பவர் தன் வயலை மட்டும் பார்த்தால் போதாது. மேட்டின் உச்சியிலிருந்து ஓடை வரை உள்ள சரிவு முழுவதையும் ஒரே நிலமாகப் பார்க்கவேண்டும். இதைத்தான் நீர்வடிப்பகுதி என்கிறோம்: எந்த இடத்தில் விழும் மழையெல்லாம் கடைசியில் ஒரே வாய் வழியாக வெளியேறுகிறதோ, அந்த இடம் முழுவதும்.

மண் எப்படி நகர்கிறது

அரிப்பு, தண்ணீர் ஓடத் தொடங்குவதற்கு முன்பே ஆரம்பித்துவிடுகிறது. கனமழையின் பெரிய துளி ஒன்று நொடிக்குச் சுமார் 9 மீட்டர் வேகத்தில் தரையில் மோதுகிறது. மூடாத மண்ணாக இருந்தால் அந்த அடியில் மண்கட்டி உடைந்து தூளாகும். தூள் துளைகளை அடைக்கும். சில நிமிடங்களில் மேற்பரப்பில் மெல்லிய பொருக்கு படியும். அதுவரை உள்ளே இறங்கிக்கொண்டிருந்த தண்ணீர் இப்போது இறங்க வழியில்லாமல் சரிவில் நகரத் தொடங்கும்.

முதலில் அது மெல்லிய படலமாக, நிலம் முழுவதிலும் சீராக மண்ணை வழித்துக்கொண்டு ஓடும். இந்தக் கட்டம் கண்ணுக்குத் தெரியாது என்பதால்தான் மிகவும் ஆபத்தானது. பிறகு படலம் கூடிச் சிறு சால்களாகும். உழுதால் மறைந்துவிடும் அளவுக்கு ஆழம் குறைந்தவை இவை. மறைகிறது என்பதற்காகக் குணமாகிவிட்டது என்று நினைக்கக் கூடாது. போன மண் போனதுதான். சால்கள் சேர்ந்து, உழவு மாடோ டிராக்டரோ கடக்க முடியாத பள்ளமாகும்போதுதான் பலரும் திரும்பிப் பார்க்கிறார்கள்.

ஓட்டத்தின் வேகம் இரண்டு மடங்கானால் அது தரையை வெட்டும் வலு நான்கு மடங்காகும். இந்த ஒரு விதியை மனதில் வைத்துக்கொண்டால் மண்காப்பு வேலைகள் அத்தனைக்கும் காரணம் புரியும். துளியின் அடியைத் தடுப்பது, தண்ணீரை உள்ளே இறக்குவது, மீதியின் வேகத்தைக் குறைப்பது, அப்படியும் மிஞ்சுவதைப் பத்திரமாக வெளியே அனுப்புவது. வேலையை இந்த வரிசையில்தான் செய்ய வேண்டும். வரிசை மாறினால் செலவு கூடும், பலன் குறையும்.

நிலத்தைச் சோதிப்பது

மண்வெட்டியைத் தொடுவதற்கு முன் நல்ல மழையில் ஒருமுறை நிலத்தைச் சுற்றி நடக்க வேண்டும். தண்ணீர் எங்கிருந்து நுழைகிறது, எங்கே கூடுகிறது, எங்கே கலங்குகிறது, எந்த இடத்தில் வெளியேறுகிறது என்பதை ஒரு கைப்படத்தில் குறித்துக்கொள்ளவேண்டும். மழை விட்டபின் தடயங்களைத் தேடலாம். சிறு கற்கள் மண்தூணின் மேல் குடை பிடித்ததுபோல நின்றால், சுற்றியிருந்த மண் துளி அடித்துப் போயிருக்கிறது என்று பொருள். வேலியோரத்தில் வேர்கள் வெளியே தெரிவதும், வரப்பின் மேற்பக்கம் வண்டல் ஏறி மட்டம் உயர்ந்திருப்பதும், மேட்டுமுனையில் மண் வெளுத்துப் பயிர் குட்டையாக நிற்பதும் அதே செய்தியைத்தான் சொல்கின்றன.

கட்டிச் சோதனை எளியது. நன்றாக உலர்ந்த, நெல்லிக்காய் அளவு மண்கட்டி ஒன்றைக் கம்பிவலைமேல் வைத்து, கண்ணாடிக் குவளைத் தண்ணீரில் மெதுவாக இறக்குங்கள். ஒரு நிமிடத்துக்குள் பொலபொலவென்று உதிர்ந்தால் மண்துகள்களைப் பிணைக்கும் மட்கும் பூஞ்சையிழைகளும் குறைந்துவிட்டன. பத்து நிமிடம் கழித்தும் வடிவம் குலையாமல் இருந்தால் மண் ஆரோக்கியமாக இருக்கிறது. இதே சோதனையில் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். தண்ணீரைக் கலக்காமலேயே கட்டியைச் சுற்றிப் பால்போல மேகம் படர்ந்தால், அது சோடியம் மிகுந்து கரையும் களிமண். அந்த மண்ணால் கரை போட்டால் உள்ளுக்குள்ளேயே குழாய்போலத் துளை விழுந்து ஒரு மழையில் உடையும். அங்கே வரப்பு வேண்டாம். மூடாக்கும் (தரையை மூடும் வைக்கோல், சருகு) புல்லும்தான் வழி.

தண்ணீர் இறங்கும் வேகத்தை அளக்க 15 செ.மீ. விட்டமுள்ள தகர வளையம் ஒன்று போதும். அடிப்பாகம் நீக்கிய டப்பாவே ஆகும். அதைப் பாதி ஆழம் தரையில் அடித்து, உள்ளே 450 மி.லி. தண்ணீர் ஊற்ற வேண்டும். இது 25 மி.மீ. மழைக்குச் சமம். முதல்முறை இறங்குவதைக் கணக்கில் எடுக்காமல், அதே அளவை இரண்டாம் முறை ஊற்றி நேரத்தைப் பாருங்கள். பத்து நிமிடத்தில் இறங்கினால் நிலம் நன்றாகக் குடிக்கிறது. ஒரு மணி நேரமானால், மணிக்கு 50 மி.மீ. வேகத்தில் பெய்யும் மழையில் பாதி ஓடிவிடும் என்று வைத்துக்கொள்ளலாம். மாட்டுத்தடம், டிராக்டர் சக்கரத்தடம், மரத்தடி, வயல் நடு என நாலு இடத்தில் செய்து பார்த்தால், ஒரே வயலுக்குள் எவ்வளவு வேறுபாடு என்பது வியப்பாக இருக்கும்.

சரிவை அளக்கக் கொத்தனார் பயன்படுத்தும், தண்ணீர் நிரப்பிய லெவல் டியூப் போதும். 20 மீட்டர் கிடைமட்டத் தூரத்தில் 1 மீட்டர் இறங்கினால் சரிவு 5 சதவீதம். டியூபுக்குள் காற்றுக்குமிழி நின்றால் அளவு தப்பும். இரண்டு முனையையும் ஒன்றாகப் பிடித்து மட்டம் சமமாக வருகிறதா என்று பார்த்துவிட்டுத் தொடங்குங்கள்.

மூடாக்கு: முதல் வேலை

மண்ணை மூடுவதைப்போல மலிவான, உறுதியான காப்பு வேறில்லை. தரையில் 30 சதவீதம் மூடியிருந்தாலே, வெற்று நிலத்தோடு ஒப்பிட்டால் அரிப்பு பாதிக்கும் கீழே போகும். முழுவதும் மூட வேண்டியதில்லை என்பது தொடக்கநிலையில் இருப்பவர்களுக்கு நல்ல செய்தி.

அந்த 30 சதவீதத்தை எப்படித் தெரிந்துகொள்வது? 15 மீட்டர் கயிற்றில் 15 செ.மீ.க்கு ஒன்றாக 100 முடிச்சு போடுங்கள். விதைப்புச் சாலுக்குக் குறுக்கே, மூலைவாட்டில் கயிற்றை விரித்து, எத்தனை முடிச்சுக்கு நேர்கீழே தாளோ சருகோ கிடக்கிறது என்று எண்ணுங்கள். எண்ணிக்கையே சதவீதம். மூன்று இடத்தில் எண்ணிச் சராசரி எடுப்பது நல்லது. கண்ணால் மதிப்பிடுபவர்கள் பெரும்பாலும் கூடுதலாகவே சொல்கிறார்கள்.

மூடாக்குக்கு உலர்ந்த வைக்கோலாக இருந்தால் ஏக்கருக்குச் சுமார் 2 டன் பரப்பினால் தரையின் பெரும்பகுதி மறையும். பயிரின் தண்டை ஒட்டி ஒரு சாண் இடம் விட வேண்டும். இல்லாவிட்டால் ஈரம் தேங்கித் தண்டு அழுகும். மேலே பரப்பிய வைக்கோலை உழுது மண்ணுக்குள் புதைப்பது பலர் செய்யும் தவறு. வைக்கோலில் தழைச்சத்து ஒரு பங்கு என்றால் கரிமம் சுமார் 80 பங்கு. இதை மண்ணுக்குள் கலந்தால், மட்கச்செய்யும் நுண்ணுயிர்கள் தங்களுக்கு வேண்டிய தழைச்சத்தை மண்ணிலிருந்து உறிஞ்சிக்கொள்ளும்; பயிர் சில வாரம் மஞ்சளடிக்கும். மேலேயே கிடந்தால் இந்தப் போட்டி மிகக் குறைவு. புதைக்கத்தான் வேண்டுமென்றால் பயறுவகைப் பசுந்தழையோ தொழுவுரமோ சேர்த்து, விதைப்புக்குச் சில வாரம் முன்பே செய்துவிட வேண்டும்.

பரப்ப வைக்கோல் இல்லாத இடத்தில் வளர்ந்து நிற்கும் மூடாக்கு உதவும். தக்கைப்பூண்டு, சணப்பை, தட்டைப்பயறு போன்றவை தரையை விரைவில் மூடுவதோடு தழைச்சத்தையும் சேர்க்கும். தக்கைப்பூண்டுக்கு ஏக்கருக்கு 20 கிலோ விதை. பூக்கும் சமயத்தில், விதைத்த சுமார் 45 நாளில் மடக்கினால் தண்டு இன்னும் முற்றியிருக்காது, சீக்கிரம் மட்கும். முற்ற விட்டால் நார் ஏறி உழவுக்கருவியில் சுற்றிக்கொள்ளும். இதில் ஒரு கவனம் தேவை. மழை குறைவான இடங்களில் மூடுபயிர், அடுத்த பயிருக்கான ஈரத்தையும் குடித்துவிடும். அங்கே அதைச் சீக்கிரமே அறுத்து அந்த இடத்திலேயே படுக்கப்போட வேண்டும்.

மட்கு எவ்வளவு வேகமாகக் கூடும் என்பதில் பொய்யான நம்பிக்கை வேண்டாம். ஒரு ஏக்கரின் மேல் 15 செ.மீ. மண் சுமார் 800 டன் எடையிருக்கும். அதில் மட்கை ஒரு சதவீதம் உயர்த்த 8 டன் நிலையான மட்கு வேண்டும். போடும் வைக்கோலில் ஐந்தில் ஒரு பங்கோ அதற்கும் குறைவாகவோதான் நிலைத்து நிற்கும். மற்றதெல்லாம் கரியமில வாயுவாகக் காற்றோடு போகும். அதாவது 40 டன்னுக்கு மேல் சேர்க்க வேண்டும். பல ஆண்டு வேலை இது. ஆனால் துளிகளின் அடியைத் தடுக்கும் பலன் மூடாக்குப் போட்ட அன்றே கிடைத்துவிடுகிறது. தண்ணீர் இறங்குவது ஓரிரு பருவங்களில் கூடத் தொடங்கும்.

உழவைக் குறைப்பதும் இதோடு சேர்ந்த வேலைதான். சரிவின் போக்கில், மேலிருந்து கீழாக உழுத ஒவ்வொரு சாலும் தண்ணீருக்கு வெட்டிக் கொடுத்த வாய்க்கால். அதையே சரிவுக்குக் குறுக்கே, சமமட்டத்தில் உழுதால் 2 முதல் 7 சதவீதச் சரிவுகளில் அரிப்பு ஏறத்தாழ பாதியாகும். இன்னும் செங்குத்தான நிலத்தில் உழவு மட்டும் போதாது. பெருமழையில் ஒரு சால் உடைந்தால் கீழுள்ள சால்கள் வரிசையாக உடையும்.

சமமட்டக் கோடும், புல்வரிசையும், வரப்பும்

சமமட்டக் கோடு என்பது சரிவின் குறுக்கே ஒரே உயரத்தில் ஓடும் கோடு. அதைக் கண்டுபிடிக்க ‘ஏ’ சட்டம் என்ற எளிய கருவி இருக்கிறது. 2 மீட்டர் நீளக் கம்புகள் இரண்டை உச்சியில் சேர்த்துக் கட்டி, கால்களைச் சுமார் 2 மீட்டர் அகலம் விரித்து, நடுவில் ஒரு குறுக்குச்சட்டம் வைத்துக் கட்ட வேண்டும். உச்சியிலிருந்து ஒரு கயிற்றில் கல்லைத் தொங்கவிடுங்கள். கயிறு குறுக்குச்சட்டத்தைத் தாண்டித் தொங்க வேண்டும்.

இனி மட்டம் பிடிப்பது. இரண்டு கால்களும் நிற்கும் இடத்தில் முளை அடித்து, கயிறு குறுக்குச்சட்டத்தைத் தொடும் புள்ளியைக் குறியுங்கள். சட்டத்தைத் திருப்பி, இடக்கால் நின்ற இடத்தில் வலக்காலை வைத்து மறுபடி குறியுங்கள். இரண்டு குறிகளுக்கும் நடுப்புள்ளிதான் மட்டம். பிறகு வயலுக்குப் போய், ஒரு காலை ஊன்றி, கயிறு நடுப்புள்ளியில் விழும்வரை மறுகாலை மேலும் கீழும் நகர்த்துங்கள். விழுந்த இடத்தில் முளை. அந்த முளையிலிருந்து அடுத்த அடி. காற்று பலமாக அடிக்கும் நேரத்தில் இதைச் செய்யக் கூடாது. முளைகள் போட்டு முடித்ததும் தள்ளி நின்று பார்த்து, தனியே மேலோ கீழோ விலகி நிற்கும் ஓரிரு முளைகளை மட்டும் சற்று நகர்த்திக் கோட்டை மென்மையாக்கலாம். அழகுக்காக நேர்க்கோடாக்கினால் சமமட்டம் கெட்டுவிடும்.

ஒரு கோட்டுக்கும் அடுத்ததற்கும் எவ்வளவு இடைவெளி? சரிவின் சதவீதத்தை 3ஆல் வகுத்து, 2 கூட்டி, 0.3ஆல் பெருக்கினால் இரண்டு கோட்டுக்கும் இடையிலான உயர வேறுபாடு மீட்டரில் கிடைக்கும். 3 சதவீதச் சரிவில் அது 0.9 மீட்டர், தரையில் 30 மீட்டர் தூரம். 6 சதவீதச் சரிவில் 1.2 மீட்டர், தரையில் 20 மீட்டர். இது தொடக்கக் கணக்குத்தான். தண்ணீர் மெதுவாக இறங்கும் மண்ணில் இன்னும் நெருக்க வேண்டும்.

இந்தக் கோட்டில் மண்வரப்பு போடுவதா, புல் நடுவதா என்ற கேள்வி வரும். இயன்ற இடங்களிலெல்லாம் புல்லைத் தேர்ந்தெடுங்கள். வெட்டிவேர் இதற்குப் பேர்பெற்றது. வேர் பக்கவாட்டில் படராமல் நேர் கீழே இறங்குவதால் பக்கத்துப் பயிரோடு அதிகம் போட்டியிடாது. முற்றிய இலையை ஆடுமாடு விரும்பாது. மூன்று நான்கு தூர்கள் கொண்ட கற்றையை 10 முதல் 15 செ.மீ. இடைவெளியில், மழை தொடங்கியதும் ஒரே வரிசையாக நட வேண்டும். புல்வரிசை தண்ணீரை நிறுத்துவதில்லை. வடிகட்டி, பரப்பி, மெதுவாக விடுகிறது. தங்கிய வண்டல் ஆண்டுக்கு ஆண்டு உயர்ந்து, சரிவு தானாகவே படிப்படியாகும். இதில் கெடுவது ஒரே இடத்தில்தான்: நட்டதில் சில கற்றைகள் காய்ந்து இடைவெளி விழுந்தால், வரிசை முழுக்கத் தேங்கும் தண்ணீர் அந்த ஒரு வாயில் பாய்ந்து பள்ளம் பறிக்கும். முதல் இரண்டு மாதத்துக்குள் இடைவெளிகளை நிரப்பியே ஆக வேண்டும்.

மழை குறைவாகவும் மண் நன்கு உறிஞ்சுவதாகவும் உள்ள இடத்தில் தண்ணீரைத் தேக்கும் வரப்பு பலன் தரும். மேல் அகலம் 40 செ.மீ., உயரம் 60 செ.மீ., இரு பக்கமும் ஒன்றுக்கு ஒன்று சாய்வு, அடி அகலம் 1.6 மீட்டர் என்றால் மீட்டர் நீளத்துக்கு 0.6 கன மீட்டர் மண் வேண்டும். போடும் இடத்தில் புல்லையும் வேரையும் செதுக்கி, தரையைக் கொத்திவிட்டுத்தான் மண் கொட்டத் தொடங்க வேண்டும். இல்லாவிட்டால் பழைய தரைக்கும் புதுக் கரைக்கும் நடுவே தண்ணீர் கசியும். 15 செ.மீ.க்கு ஒரு அடுக்காக, இலேசான ஈரத்தில் திமிசுக்கட்டையால் இடித்து ஏற்ற வேண்டும். எவ்வளவு இடித்தாலும் மண் அமரும் என்பதால் 70 செ.மீ. வரை ஏற்றி விடுங்கள். மண் எடுக்கும் குழிக்கும் கரையின் அடிக்கும் நடுவே 30 செ.மீ. தரையைத் தொடாமல் விட வேண்டும்.

வெடிக்கும் கருங்களி மண்ணில் இப்படித் தேக்குவது ஆகாது. கோடையில் கரை பிளந்து, முதல் பெருமழையில் அந்தப் பிளவு வழியே உடையும். தேங்கிய இடத்தில் பயிரும் அழுகும். அங்கேயும், மழை மிகுதியான இடங்களிலும், 100 மீட்டருக்கு 20 முதல் 40 செ.மீ. வரை இறங்கும் சாய்வான வரப்பாகப் போட்டு, தண்ணீரை மெல்ல ஒரு பக்கம் நடத்திச் செல்ல வேண்டும்.

வெளியேறும் வழி

வரப்பு உடைவதில் பெரும்பாலானவை வரப்பின் குற்றமல்ல. வழிந்தோடி, அதாவது மிகுநீர் வெளியேற வரப்பில் விடும் வாய், இல்லாததன் குற்றம். எத்தனை பலமாகக் கட்டினாலும் ஒருநாள் அதன் கொள்ளளவை மீறி மழை பெய்யும். அன்று தண்ணீர் தானாக ஒரு வழி தேடினால் கரையின் பலவீனமான இடத்தைத்தான் தேர்ந்தெடுக்கும்.

அகலத்தைக் கணக்கிடுவது கடினமில்லை. வழிந்தோடிக்கு மேலே 2 ஹெக்டேர், அதாவது சுமார் 5 ஏக்கர் சரிவு இருக்கிறது, மணிக்கு 60 மி.மீ. வேகத்தில் மழை பெய்கிறது, அதில் பாதி ஓடுகிறது என்று வைத்துக்கொள்வோம். 20,000 சதுர மீட்டரை 0.06 மீட்டரால் பெருக்கினால் மணிக்கு 1,200 கன மீட்டர். பாதி 600. நொடிக்கு 167 லிட்டர். தட்டையான வாயில் 20 செ.மீ. ஆழத்தில் தண்ணீர் ஓடும்போது, ஒரு மீட்டர் அகலம் நொடிக்கு ஏறத்தாழ 150 லிட்டரை வெளியேற்றும். ஆகவே 1.1 மீட்டர் கட்டாயம், 1.5 மீட்டர் வைத்தால் நிம்மதி. வாயின் அடிமட்டம் தரையிலிருந்து 25 செ.மீ. உயரத்தில் இருந்தால், 20 செ.மீ. ஆழம் ஓடும்போதும் 60 செ.மீ. வரப்பில் 15 செ.மீ. மிச்சம் நிற்கும். கீழே போகப் போக மேலே உள்ள பரப்பு கூடிக்கொண்டே வருவதால் வழிந்தோடியின் அகலமும் கூட வேண்டும். எல்லாவற்றுக்கும் ஒரே அளவு வைப்பது அடிக்கடி நடக்கும் பிழை.

வாய்க்குக் கல் பதித்து, கீழே தண்ணீர் விழும் இடத்திலும் ஒரு மீட்டர் நீளத்துக்குக் கல் பரப்ப வேண்டும். அங்கிருந்து புல் மூடிய அகலமான வாய்க்காலிலோ இயற்கையான ஓடையிலோ சேர்க்கவேண்டும். அப்படி ஒரு வடிகால் இல்லையென்றால் வழிந்தோடிகளை ஒன்று இடப்பக்கம், அடுத்தது வலப்பக்கம் என்று மாற்றி மாற்றி வையுங்கள். நேர்வரிசையில் வைத்தால் அதுவே புதிய பள்ளத்துக்கு வழி.

பறிந்துவிட்ட பள்ளத்தில் கல்தடுப்பு கட்டுபவர்கள் கீழே, பள்ளம் பெரிதாக உள்ள இடத்தில் தொடங்கிவிடுகிறார்கள். மேலிருந்து வரும் வேகம் குறையாதவரை அது நிற்காது. பள்ளத்தின் மேல்முனையிலிருந்து, சிறியதாக, பலவாகக் கட்டிக்கொண்டு இறங்க வேண்டும். கல்தடுப்பின் நடுப்பகுதி ஓரங்களைவிட 20 முதல் 30 செ.மீ. தாழ்ந்திருக்க வேண்டும், அப்போதுதான் தண்ணீர் நடுவில் ஓடும். இரு கரைக்குள்ளும் அரை மீட்டர் வரை கல்லைப் புதைக்காவிட்டால் ஓட்டம் பக்கத்தைக் குடைந்து சுற்றிக்கொண்டு போய்விடும். மேல் தடுப்பின் அடிமட்டமும் கீழ்த் தடுப்பின் நடுவாய் மட்டமும் ஒரே உயரத்தில் வருமாறு இடைவெளி வைத்தால், நடுவில் வண்டல் தங்கித் தரை நிரவும். ஒரு மீட்டருக்கு மேல் உயரமான தடுப்பைத் தொழில்தெரிந்தவர் துணையின்றிக் கட்ட வேண்டாம்.

பக்கத்து நிலத்தாரோடு

இதுவரை சொன்னதெல்லாம் மண்ணும் தண்ணீரும். நடைமுறையில் கடினமான பகுதி மனிதர்களுக்கு நடுவேதான். மேட்டு நிலத்தார் வரப்புக்கும் புல்வாய்க்காலுக்கும் தன் நிலத்தைக் கொடுக்கிறார், உழைப்பையும் கொடுக்கிறார். வண்டல் மேடிடாத வயலும், நீர் ஊறிய கிணறும் பள்ளத்து நிலத்தாருக்கு உடனே கிடைக்கின்றன. செலவு மேலே, பலன் கீழே. இந்த ஏற்றத்தாழ்வை வெளிப்படையாகப் பேசாத கூட்டுமுயற்சிகள் இரண்டாம் மழைக்குள் குலைகின்றன.

சண்டிகர் நகரில் 1958இல் உருவாக்கப்பட்ட சுக்னா ஏரி சில ஆண்டுகளிலேயே வண்டலால் நிரம்பத் தொடங்கியது. மண் வந்தது மேலே உள்ள சிவாலிக் குன்றுகளிலிருந்து. அங்குள்ள சுகோமாஜ்ரி கிராமத்தாரின் ஆடுமாடுகள் குன்றைப் புல் இல்லாமல் மேய்ந்திருந்தன. 1970களில் பி. ஆர். மிஸ்ரா தலைமையில் மண்காப்பு ஆய்வாளர்கள் அங்கே சிறு அணைகள் கட்டி, தேங்கிய நீரைக் கிராமத்தின் வயல்களுக்கே கொடுத்தார்கள். பதிலுக்குக் கிராமத்தார் குன்றில் மேய்ச்சலைத் தாங்களாகவே நிறுத்தினார்கள். வேலி போடவில்லை, காவல் வைக்கவில்லை. நிலம் இல்லாத குடும்பத்துக்கும் தண்ணீரில் சம பங்கு என்று தீர்மானித்தார்கள். கால்நடை மட்டுமே வைத்திருந்தவர்களுக்கு மேய்ச்சல் தடை பெரிய இழப்பு. தண்ணீரில் பங்கு கிடைத்ததால்தான் அவர்களும் அந்த ஒப்பந்தத்தில் நின்றார்கள்.

அமெரிக்காவில் 1930களின் புழுதிப்புயல்களுக்குப் பின், 1935இல் மண்காப்புச் சட்டம் வந்தது. தனித்தனி விவசாயிகளுக்கு அறிவுரை சொல்வது போதாது என்று கண்டு, 1937 முதல் நிலத்தார்களே நடத்தும் மண்காப்பு வட்டங்கள் அமைக்கப்பட்டன. முதல் வட்டம் வட கரோலினாவில், பிரவுன் கிரீக் என்ற ஓடையின் பெயரால் அமைந்தது. இன்று அங்கே அப்படிச் சுமார் 3,000 வட்டங்கள் இருக்கின்றன.

ஐந்தாறு நிலத்தார் மட்டும் உள்ள சிறு சரிவுக்கு அவ்வளவு பெரிய அமைப்பு வேண்டாம். ஒரு தாளில் சரிவின் படம், தண்ணீர் போகும் வழி, யார் எதைக் கட்டுவது, யார் எதைப் பராமரிப்பது என்று எழுதிக் கையெழுத்திட்டால் போதும். வேலைப் பங்கை நில அளவை மட்டும் வைத்துப் பிரிக்காமல், பலன் யாருக்கு அதிகமோ அவர் அதிக ஆள்நாள் தருவது என்று வைத்தால் மேட்டு நிலத்தார் சம்மதிக்க வாய்ப்பு கூடும். வரப்புக்குப் போன நிலத்தில் வளரும் தீவனப்புல்லை அறுக்கும் உரிமையையும் அவருக்கே எழுதிவிடலாம். மேய்ச்சலை எத்தனை ஆண்டு நிறுத்துவது, அதுவரை தீவனம் எங்கிருந்து என்பதும் அதே தாளில் இருக்கவேண்டும். மீறினால் முதலில் பேச்சு, பிறகு சிறு அபராதம், மூன்றாவதாகத்தான் பெரியது. எடுத்த எடுப்பில் கடுமையான தண்டனை எழுதிய ஒப்பந்தங்களை யாரும் நடைமுறைப்படுத்துவதில்லை. மழைக்காலத்துக்கு ஒரு மாதம் முன்பு எல்லோரும் சேர்ந்து ஒருமுறை, 50 மி.மீ.க்கு மேல் பெய்த ஒவ்வொரு மழைக்கும் மறுநாள் ஒருமுறை சரிவை நடந்து பார்க்க வேண்டும். எலி, நண்டு வளை, கரையில் கசிவு, வழிந்தோடியில் அடைத்த சருகு, புல்வரிசையில் விழுந்த இடைவெளி ஆகியவற்றை அன்றைக்கே சரிசெய்தால் ஒருவர் அரைநாளில் முடிப்பார். ஒரு மழை தாண்டினால் பத்துப் பேர் வேண்டும்.

மேட்டு நிலத்தார் சம்மதிக்காவிட்டால் கீழே உள்ளவர் கைகட்டி நிற்க வேண்டியதில்லை. தன் நிலத்தின் மேல் எல்லையில், 100 மீட்டருக்கு அரை மீட்டர் இறங்கும்படி அகலமான, ஆழம் குறைந்த திருப்புவாய்க்கால் ஒன்றை வெட்டி, எடுத்த மண்ணைக் கீழ்ப்பக்கக் கரையாக்கி, வாய்க்கால் முழுவதும் புல் பதிக்கலாம். மேலிருந்து வரும் நீரை வயலுக்குள் விடாமல் அது பக்கவாட்டில் நடத்திச் செல்லும். ஆனால் வெட்டும் முன் அதன் கடைசி முனை எங்கே திறக்கிறது என்பதை முடிவு செய்ய வேண்டும். கல் பாவிய ஓடையிலோ நிலையான வடிகாலிலோ திறக்கலாம். பக்கத்து வயலில் திறந்தால், உங்கள் மேட்டு நிலத்தார் உங்களுக்குச் செய்வதை நீங்கள் மூன்றாமவருக்குச் செய்கிறீர்கள். அவருடைய சம்மதமும் அவருடைய எல்லையில் ஒரு வழிந்தோடியும் இல்லாமல் வாய்க்காலைத் திறந்துவிடக் கூடாது.